மாணிக்தா, ரித்விக், ஜான்: மறைந்த இயக்குநரைச் சுட்டும் சொல்லும் நினைவுகூரும் மரபும்

0. முன்னுரை

மறைந்த ஒருவரைப் பற்றிப் பேசுவோர் அவரை எந்தச் சொல்லால் சுட்டுகின்றனர் என்பது, பேசப்படுபவரைக் காட்டிலும் பேசுவோரைப் பற்றியே மிகுதியாக உணர்த்துகிறது. முழுப்பெயர், இயற்பெயர், குடும்பப்பெயர், வீட்டில் வழங்கிய செல்லப்பெயர், முறைப்பெயர் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதே பேசுவோர் தமக்கும் அவருக்கும் உள்ள உறவை வரையறுத்துவிடுகின்றனர். உயிரோடிருப்பவரைச் சுட்டும்போது இவ்வுறவு அவருடைய ஒப்புதலுக்கு உட்பட்டது. பொருந்தாத சொல்லை அவர் மறுக்கலாம். மறைந்தவர் மறுக்க இயலாது. எனவே இறப்புக்குப் பின் நிலைபெறும் சொல் பெரிதும் வழங்குவோரின் தேர்வாகவே அமைகிறது.

பழந்தமிழ் இலக்கணம் கூறும் கையறுநிலை, இறந்த தலைவனை எண்ணி அவனைச் சார்ந்தோர் இரங்குவதாகும். அங்கே இரங்குவோர் தலைவனை நேரில் அறிந்தவர்; அவன் கொடையைப் பெற்றவர். திரைப்படச் சுவைஞரின் நிலை வேறு. தாம் நேசித்த இயக்குநரை அவர்களுள் பெரும்பாலோர் நேரில் கண்டதில்லை. நடிகராயின் திரையில் முகமேனும் தெரியும். இயக்குநருக்கு அதுவும் இல்லை. கண்டறியாத ஒருவரிடம் கொள்ளும் அணுக்கத்தை மொழி எவ்வாறு உருவாக்கித் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

இதற்காக மூவர் எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். சத்யஜித் ராய் (1921–1992), ரித்விக் கட்டக் (1925–1976), ஜான் ஆபிரகாம் (1937–1987). முதலிருவரும் ஒரே நகரில், ஒரே மொழியில், ஒரே காலத்தில் படமெடுத்தவர்கள். மூன்றாமவர் புனே திரைப்படக் கல்லூரியில் கட்டக்கிடம் பயின்றவர். மலையாளத்தில் மூன்று முழுநீளப் படங்களையும் தமிழில் ஒன்றையும் தந்தவர். மூவரும் மறைந்தபின் மூவகையாக அழைக்கப்பட்டனர். அழைக்கும் சொல் வேறுபட்டதற்கேற்ப, நினைவுகூர்ந்தோர் தம்மேல் ஏற்றுக்கொண்ட கடமையும் வேறுபட்டது என்பது இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

1. கல்கத்தா, 1992

1992 மார்ச் 30ஆம் நாள் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் வாழ்நாள் சாதனைக்கான சிறப்பு ஆஸ்கர் விருது ராய்க்கு வழங்கப்பட்டது. நேரில் செல்ல இயலாமல் கல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவாறே அவர் அதனைப் பெற்றார். அவ்விழாவில் காட்டப்பட்ட ஒளிப்பதிவே உலகம் அவரை இறுதியாகக் கண்ட காட்சிகளுள் ஒன்று. அதே ஆண்டில் பாரத ரத்னா விருதும் வழங்கப்பெற்றது. ஏப்ரல் 23இல் அவர் மறைந்தார். உடல் நந்தன் திரைப்பட வளாகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவ்வளாகத்தை 1985இல் திறந்துவைத்தவரும் அதன் முத்திரையை வரைந்தவரும் அவரே. பெருந்திரளான மக்கள் வந்து வணங்கியபின் கேவராதலாச் சுடுகாட்டில் உடல் எரியூட்டப்பட்டது.

இத்திரளைத் திரைப்பட நடிகருக்குக் கூடும் திரளோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. இதன் பின்னால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 1947இல் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது ராய் அதன் தலைவரானார். சங்க உறுப்பினர் படத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் இயக்குநரின் பெயரை அறிந்து, அவர் படங்களை வரிசைப்படுத்தி, விவாதித்துப் பழகினர். படத்தை இயக்குநர் பெயரால் சுட்டும் வழக்கம் இந்திய நகரங்களில் வேரூன்றியதில் இச்சங்கங்களின் பங்கு பெரிது.

மற்றொரு திரளும் இருந்தது. ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழ் இடையில் நின்றுபோயிருந்தது. 1961இல் ராய் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் இணைந்து அதனை மீண்டும் வெளியிட்டார். அவருடைய சிறுவர் கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறையினருக்கு அவர் முதலில் எழுத்தாளர்; பின்னரே இயக்குநர். 1992இல் நந்தனுக்கு வந்தோருள் சங்கத்தாரும் இருந்தனர், ‘சந்தேஷ்’ படித்து வளர்ந்தோரும் இருந்தனர். பின்வரும் பெயர்வழக்கைப் புரிந்துகொள்ள இவ்விரு திரளையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

2. செல்லப்பெயரும் முறைப்பெயரும்

வங்காளியர் பலருக்கு இரு பெயர்கள் உண்டு. ஒன்று ‘பாலோ நாம்’. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆவணங்களிலும் வழங்குவது. மற்றொன்று ‘டாக் நாம்’. வீட்டாரும் நெருங்கியோரும் அழைப்பது. முன்னது எழுத்துக்குரியது, பின்னது விளிக்குரியது எனலாம். ராயின் டாக் நாம் ‘மாணிக்’. தமிழில் வழங்கும் ‘மாணிக்கம்’ என்னும் சொல்லோடு ஒரே மூலம் உடையது.

மூத்த ஆணை அழைக்கும்போது பெயரோடு ‘தா’ சேர்ப்பர். அண்ணனைக் குறிக்கும் ‘தாதா’ என்பதன் குறுக்கம் அது. இவ்வாறு அமைந்ததே ‘மாணிக்தா’. நூல்தலைப்புகளே இவ்வழக்கின் படிநிலைகளைக் காட்டுகின்றன. துணைவியார் பிஜயா ராயின் தன்வரலாறு 2012இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது ‘மாணிக்கும் நானும்’ என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்டது. அவருடைய 14 படங்களில் நடித்த சௌமித்ர சட்டர்ஜியின் நினைவுநூல் ‘மாணிக்தாவுடன்’ என்னும் பொருளுடைய தலைப்பைக் கொண்டது. நெடுங்காலம் அவரைப் படம்பிடித்த ஒளிப்படக் கலைஞர் நிமாய் கோஷின் நூலும் ‘மாணிக்தா’ என்றே பெயர்பெற்றது. வீட்டிற்குள் மாணிக், படப்பிடிப்புக் களத்தில் மாணிக்தா.

களத்திலிருந்த சொல் அவரைக் காணாதோரிடமும் எவ்வாறு பரவியது? இதற்குரிய வாயில் வங்க இலக்கியத்திலேயே இருந்தது என்பது நம் கருத்து. 1965இல் ‘சந்தேஷ்’ இதழில் ராய் படைத்த துப்பறிவாளன் ‘ஃபெலுதா’. ஆவணப்பெயர் பிரதோஷ் சந்திர மித்ர. டாக் நாம் ஃபெலு. கதைசொல்லி அவனுடைய இளைய உறவினனாகிய தோப்ஷே என்னும் சிறுவன். தோப்ஷேக்கு அவன் அண்ணன் முறை, ஆதலின் ஃபெலுதா. ஆயின் படிப்போர் அனைவருமே, எழுபது வயது முதியோர் உட்பட, அவனை ஃபெலுதா என்றே சுட்டுகின்றனர். பிரேமேந்திர மித்ரவின் ‘கனாதா’, நாராயண் கங்கோபாத்யாயின் ‘டெனிதா’ ஆகியோரும் இவ்வகையினரே. இவற்றில் ‘தா’ என்பது வயதையோ உறவையோ உணர்த்தும் ஆற்றலை இழந்து பெயரின் உறுப்பாகிவிட்டது. உறவுச்சொல் பெயர்ப்பகுதியாக இறுகும் இம்மாற்றம் மொழியியலார் நன்கறிந்த ஒன்று.

‘ஃபெலு+தா’, ‘மாணிக்+தா’ ஆகிய இரண்டும் ஒரே அமைப்புடையன என்பது நோக்கத்தக்கது. காணாத ஒருவனை அண்ணன் என்று அழைக்கத் தம் வாசகருக்குப் பழக்கியவர் ராயே. அவர் மறைந்தபின் அதே வாய்பாட்டால் வாசகர் அவரை அழைக்கத் தலைப்பட்டதில் வியப்பில்லை.

3. ரித்விக்: பெயரும் வினைமுற்றும்

கட்டக் 1976 பிப்ரவரி 6இல் ஐம்பதாம் வயதில் மறைந்தார். முழுநீளப் படங்கள் எட்டே. ‘மேகே டாக்கா தாரா’ (1960) தவிர ஏனையவை திரையரங்குகளில் பெரிதும் ஓடவில்லை. ‘சுபர்ணரேகா’ 1962இல் எடுக்கப்பட்டு 1965இலேயே வெளியானது. 1952இல் முடிவுற்ற முதல் படம் ‘நாகரிக்’ அவர் வாழ்நாளில் திரைக்கு வரவே இல்லை. அது வெளியான ஆண்டு 1977. கடைசிப் படமாகிய ‘ஜுக்தி தக்கோ ஆர் கப்போ’வும் அதே ஆண்டிலேயே திரையரங்கை எட்டியது. ஒரு கலைஞரின் முதற்படைப்பையும் இறுதிப் படைப்பையும் பார்வையாளர் அவர் இறந்த மறு ஆண்டில் ஒருசேரப் பெற்றனர் என்பது இந்தியத் திரைப்பட வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. ராயின் சுவைஞர் அவரோடு வளர்ந்தனர். கட்டக்கின் சுவைஞருள் பெரும்பகுதியினர் அவருடைய இறப்புக்குப் பின் உருவானோர்.

இவர்கள் வழங்கும் பெயர் ‘ரித்விக்’. கட்டக்கிற்கும் ‘பபா’ என்னும் டாக் நாம் உண்டு; உடன்பிறந்த இரட்டையரான தங்கை ‘பபி’. ஆயினும் பபா என்பது பொதுவழக்கில் ‘மாணிக்’ பெற்ற இடத்தைப் பெறவில்லை. பழகிய மாணவர் ‘ரித்விக்தா’ என்றனர். அச்சில் நிலைத்தது ரித்விக்.

இயற்பெயரை மட்டும் சொல்வதால் இது மதிப்புக் குறைவாகாது. வங்க உரைநடையில் பெருமக்களை இயற்பெயரால் சுட்டுவதே மரபு. ரவீந்திரநாதர், சத்யஜித், மிருணாள் என்றே எழுதுவர். குடும்பப்பெயரைத் தனியே எழுதுதல் அருகியே காணப்படும். மதிப்பு பெயரில் இல்லை, வினையில் உள்ளது. ‘பொல்லென்’ என்றால் ‘சொன்னார்’; ‘பொல்லோ’ என்றால் ‘சொன்னான்’ அல்லது ‘சொன்னாள்’. ‘ரித்விக் பொல்லென்’ என்னும் தொடரில் பெயர் அணுக்கத்தையும் வினைமுற்று மதிப்பையும் ஒருங்கே தாங்குகின்றன.

எழுத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘தார்’ என்றால் ‘அவனுடைய’. அதன்மேல் சந்திரபிந்து என்னும் மூக்கொலிக் குறி இட்டால் ‘அவருடைய’ என்றாகும். இதே குறியை இறந்தவர் பெயருக்கு முன்னால் இடும் பழைய வழக்கமும் வங்கத்தில் உண்டு. உயிரோடிருப்பவரின் சுட்டுப்பெயரில் மதிப்பைக் காட்டும் குறி, பெயருக்கு முன் தனித்து நின்றால் அவர் மறைந்தமையைக் காட்டுகிறது. மதிப்பும் மறைவும் ஒரே புள்ளியால் எழுதப்படும் மொழி அது.

கட்டக்கைச் சுட்ட மற்றொரு வழியும் தோன்றியது. இறுதிப் படத்தின் மையப் பாத்திரம் நீலகண்ட பாக்சி. குடியால் சிதைந்த அறிவாளி. அப்பாத்திரத்தில் நடித்தவர் கட்டக்கே. நஞ்சுண்ட கடவுளின் பெயர் அது என்பதைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. அவரைப் பற்றிய நினைவுரைகளில் நீலகண்டனும் ரித்விக்கும் ஒருவராகக் கலந்துவிடுவது இயல்பாயிற்று. பிரிவினையின் நஞ்சை உண்டவர், காலத்தால் மதிக்கப்படாதவர் என்னும் படிமம் இவ்வாறு உறைந்தது. ராயைப் பற்றிய நினைவு குடும்ப மூத்தவரைப் பற்றியதாக, கட்டக்கைப் பற்றிய நினைவு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றியதாக அமைந்தது. எனவே அது வழக்காடும் தன்மை பெற்றது. அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் 1987இல் ரித்விக் நினைவு அறக்கட்டளையால் நூலாக்கப்பட்டபோது அதற்கு முன்னுரை எழுதியவர் ராய் என்பது இவ்வழக்கில் குறிப்பிடத்தக்க சான்று.

4. ஜானும் பப்பேட்டனும்

கட்டக்கின் பெயரைத் தென்னாட்டுக்குக் கொணர்ந்தோருள் முதன்மையானவர் அவருடைய மாணவர் ஜான் ஆபிரகாம். ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணியை விட்டுப் புனேக்குச் சென்றவர் அவர். 1984இல் அவரும் நண்பர்களும் கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு ‘ஒடேசா’ என்னும் கூட்டியக்கத்தை அமைத்தனர். ஊர் ஊராகச் சென்று படங்களைத் திரையிட்டு, மக்களிடம் சிறுதொகைகளாகத் திரட்டிய பணத்தில் ‘அம்மா அறியான்’ (1986) எடுக்கப்பட்டது. வேணு ஒளிப்பதிவு செய்தார்; பீனா பால் படத்தொகுப்புச் செய்தார். வணிக முறை வெளியீட்டை நாடாமல் அப்படமும் அவ்வாறே ஊர் ஊராகக் காட்டப்பட்டது.

‘அம்மா அறிவதற்காக’ என்னும் பொருளுடைய அத்தலைப்பே ஒரு மடலின் முகப்புபோல அமைந்துள்ளது. வயநாட்டிலிருந்து புறப்படும் இளைஞன் ஒருவன் வழியில் அடையாளம் தெரியாத பிணத்தைக் காண்கிறான். அது தான் அறிந்த ஓர் இசைக்கலைஞனின் உடல் என உணர்ந்து, அச்செய்தியைக் கொச்சியிலுள்ள தாய்க்கு அறிவிக்கச் செல்கிறான். வழிநெடுகிலும் இறந்தவனின் நண்பர்கள் சேர்ந்துகொள்ள, ஒருவன் பயணம் ஒரு கூட்டத்தின் பயணமாகிறது. இறந்த நண்பனைப் பலரும் பலவாறு நினைவுகூர்வதே படத்தின் உடல். அது வெளிவந்த மறு ஆண்டு, 1987 மே 31ஆம் நாள், கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து விழுந்து ஜான் மறைந்தார். அவரைப் பற்றிய செய்தியை ஊர் ஊராக எடுத்துச் சென்றவர்கள் அவர் படம் காட்டிய அந்தக் கூட்டத்தாரையே ஒத்திருந்தனர்.

மலையாளத்தில் அவர் ‘ஜான்’. முறைப்பெயர் இல்லை; பட்டமும் இல்லை. இத்தேர்வின் பொருளை அறிய அதே மொழியில் மற்றோர் இயக்குநரை ஒப்புநோக்க வேண்டும். பி. பத்மராஜன் 1991 ஜனவரி 24இல் மறைந்தார். அவர் இறந்ததும் கோழிக்கோட்டிலேயே. சுவைஞர் வழங்கும் பெயர் ‘பப்பேட்டன்’. ‘ஏட்டன்’ அண்ணனைக் குறிப்பது. வங்கத்தின் ‘தா’வுக்கு நிகரானது. 1987இல் வெளிவந்த அவருடைய ‘தூவானத்தும்பிகள்’ வெளியான காலத்தைக் காட்டிலும் பிற்காலத்திலேயே பெரிதும் கொண்டாடப்பட்டது. அவர் இறந்தபின் பிறந்தோரும் அவரைப் பப்பேட்டன் என்றே சொல்கின்றனர். ஆகவே மலையாளத்தில் அண்ணன் முறை கிட்டாமல் ஜான் வெறும் பெயராக நின்றார் என்பதற்கில்லை. முறை கையெட்டும் தொலைவில் இருந்தும் அது விலக்கப்பட்டது. தோழரிடையே மூப்பு இல்லை என்னும் கொள்கை அவ்விலக்கலில் உள்ளது.

மலையாள இலக்கணமும் இதற்கு இடந்தருகிறது. அம்மொழியின் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. ‘பறஞ்ஞு’ என்னும் ஒரே முற்று ‘அத்தேஹம்’, ‘அயாள்’, ‘அவன்’ ஆகிய எல்லாவற்றோடும் முடியும். சுட்டுப்பெயரைத் தவிர்த்து ‘ஜான் பறஞ்ஞு’ எனத் தொடர்ந்து எழுதினால் ‘சொன்னாரா, சொன்னானா’ என்னும் வினாவே எழுவதில்லை. வங்கத்தில் பெயர் சமநிலையைக் காட்டினும் வினை மதிப்பை மீட்டுவிடும். மலையாளத்தில் சமநிலை தொடர் முழுவதும் குலையாமல் நிற்க இயலும்.

5. தமிழில் இப்பெயர்கள்

தமிழுக்கு இவ்வசதி இல்லை. ‘ஜான் சொன்னார்’ என்றோ ‘ஜான் சொன்னான்’ என்றோ ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கினால் வந்த உயர்சொல்லே அன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் குறிப்பிடுகிறது. அவ்வழக்கே பின்னர் ஆர் ஈற்றில் நிலைபெற்று எழுத்துத் தமிழின் கட்டாயமாயிற்று. நவீனத் தமிழ்க் கட்டுரையில் ஜான் ‘சொன்னார்’ என்றே வருகிறார். மலையாளத்துத் தோழர் தமிழுக்கு வரும்போது ஒரு படி உயர்த்தப்படுகிறார். அதனால் அவருடைய நண்பர்களிடமிருந்து ஒரு படி விலக்கவும்படுகிறார்.

ராயின் பெயர் வேறொரு செய்தியைச் சொல்கிறது. வங்க ஒலிப்புக்கு ‘ராய்’ என்பதே அண்மையது. தமிழில் பெருவழக்காயிருப்பது ‘ரே’. ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியே வந்த வடிவம் இது. குடும்பப்பெயரைத் தனித்துச் சொல்வதும் ஆங்கில மரபே. எனவே ‘ரே கூறுகிறார்’ என்னும் தமிழ்த்தொடரில் வங்கம் முற்றிலும் மறைந்துவிடுகிறது. தமிழ்ச் சுவைஞர் அவரை ஆங்கிலத் திறனாய்வுகளின் வாயிலாகவும் ஆங்கிலத் துணையுரை பொறித்த படிகளின் வாயிலாகவும் அறிந்தனர் என்னும் வரலாற்றை அவ்வொரு சொல்லே தாங்கி நிற்கிறது. மாணிக்தா என்பவர் வங்கத்தாருக்கு அண்ணன்; ரே என்பவர் நமக்குப் பாடநூல்.

ஜானோடு தமிழுக்குள்ள தொடர்பு நேரடியானது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. திரைக்கதையை வெங்கட் சாமிநாதன் எழுதினார், இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்தார். தாயற்ற கழுதைக்குட்டியை ஒரு பேராசிரியர் வளர்க்கிறார். அக்ரஹாரத்தார் அதனைக் கொன்றுவிடுகின்றனர். பின்னர் நிகழ்ந்த நன்மைகளுக்கெல்லாம் இறந்த கழுதையின் அருளே காரணம் என நம்பி அதனை வழிபடத் தொடங்குகின்றனர். உயிரோடிருந்தபோது விரட்டப்பட்ட ஒன்று இறந்தபின் தெய்வமாவதே இப்படத்தின் எள்ளல். நினைவுகூரும் மரபை ஆராய்வோர்க்கு இதைவிடக் கூர்மையான எச்சரிக்கை வேண்டியதில்லை.

6. பெயரும் படச்சுருளும்

பெயர் வாயில் வாழும். படம் அவ்வாறு வாழாது. செல்லுலாய்டு சுருளும் அதனைக் காக்கும் குளிரறையும் அதற்காகும் செலவும் இன்றி அன்பு மட்டும் ஒரு படத்தைக் காப்பதில்லை. நினைவுகூர்ந்தோர் இவ்வுண்மையை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதிலும் மூவகைப் பெயர்வழக்கின் வேறுபாடு தெரிகிறது.

ராயின் படங்களைச் செப்பனிடும் பணி அவர் மறைந்த உடனே தொடங்கிற்று. அதன் பொருட்டு இலண்டனில் ஒரு படப்பதனகத்துக்கு அனுப்பப்பட்டிருந்த மூலச்சுருள்களுள் பல 1993 ஜூலையில் அங்கு நேர்ந்த தீயில் சேதமுற்றன. அப்பு முப்படங்களின் சுருள்களும் அவற்றுள் அடங்கும். கருகியவற்றை எறியாமல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் காப்பகம் பாதுகாத்தது. இருபதாண்டுகளுக்குப் பின் இத்தாலியின் போலோன்யா நகர ஆய்வகம் அவற்றை நனைத்து, நெகிழச்செய்து, கையால் ஒட்டிச் சீர்செய்தது. ‘பதேர் பாஞ்சாலி’யின் மூலச்சுருளில் ஏறத்தாழ 40 விழுக்காடும் ‘அபராஜிதோ’வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் பயன்படுத்தக்கூடியவையாக மீண்டன. சீர்பெற்ற படங்கள் 2015இல் வெளியிடப்பட்டன. கொல்கத்தாவில் ராய் படங்களைக் காக்கும் கழகம் 1994இல் தோன்றியது. அவர் பெயரால் திரைப்படக் கல்வி நிறுவனம் 1995இல் அமைந்தது. அண்ணன் என்றழைத்த குடும்பம், குடும்பச் சொத்தைக் காப்பதுபோல் காத்தது எனலாம்.

கட்டக்கின் சுவைஞர் செய்தது வெளியிடுதல். முடங்கிக் கிடந்த படங்களைத் திரைக்குக் கொணர்ந்தனர். சிதறிக் கிடந்த கட்டுரைகளை நூலாக்கினர். அவர் இடத்தை நிறுவ வாதிட்டனர். இவ்வழக்கு முற்றிலும் முடிந்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை. வங்கதேசத்து ராஜ்சாஹியில் அவருடைய முன்னோர் வாழ்ந்த வீடு 2024 ஆகஸ்டில் இடிக்கப்பட்டது. மறு ஆண்டு அவருடைய நூற்றாண்டு. அதே 2025இல் கொல்கத்தா மெட்ரோவில் அவர் பெயர் தாங்கிய நிலையம் திறக்கப்பட்டது. அதே தடத்தில் ராய் பெயர் தாங்கிய நிலையம் முந்தைய ஆண்டில் திறக்கப்பட்டிருந்தது. இரு நிலையங்களும் முழுப்பெயரையே கொண்டுள்ளன. அரசின் நினைவில் ‘தா’வுக்கும் இடமில்லை, தனித்த இயற்பெயருக்கும் இடமில்லை. சுவைஞரின் சொல் பெயர்ப்பலகையில் ஏறும்போது தன் உறவை உதிர்த்துவிடுகிறது.

ஜானின் தோழர்கள் ஏற்ற கடமை எடுத்துச்செல்லுதல். ஒடேசா அவர் மறைந்தபின்னும் திரையிடல்களைத் தொடர்ந்தது. கேரளத் திரைப்படச் சங்கங்கள் அவர் பெயரால் விருது வழங்கிவருகின்றன. ஆயின் தோழமைக்கு ஓர் இடரும் உண்டு. தோழனைப் பற்றிச் சொல்வதற்குக் கதைகள் மிகுதி. அவருடைய குடி, அலைச்சல், வீடற்ற வாழ்வு பற்றிய வாய்மொழிக் கதைகள் பெருகின. நான்கு படங்களையும் காணாதோரும் பத்துக் கதைகளை அறிவர் என்னும் நிலை தோன்றியது. மலையாளத்தில் மேற்கூறியபடி வினைமுற்று எவ்வேறுபாடும் காட்டாமையின், ‘ஜான் பறஞ்ஞு’ என்று தொடங்கும் கதையை அவரை அறிந்தவரும் அறியாதவரும் ஒரே குரலில் சொல்ல முடிகிறது. மூத்தோன் என்னும் சொல் உண்டாக்கும் சிறு தயக்கமும் அங்கில்லை. அதனால் கதை படத்தை மறைக்கத் தொடங்குகிறது. கழுதையின் மண்டையோட்டுக்குக் கோயிலெடுக்கும் மனப்பாங்கு தோழமைக்குள்ளும் புக முடியும் என்பதற்கு இது சான்று.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

(அ) காணாத இயக்குநரிடம் கொள்ளும் அணுக்கம் வெற்றுணர்ச்சியன்று. அம்மொழியில் முன்னரே உள்ள வாய்பாடுகளைக் கொண்டே அது அமைகிறது. வங்கத்தின் டாக் நாமும் புனைகதைகளில் இறுகிய ‘தா’வும் இன்றேல் காணாதோரிடையே ‘மாணிக்தா’ பரவியிருத்தல் அரிது.

(ஆ) ஒரே மொழியில் இரு வாய்பாடுகள் இருக்கும்போது ஒன்றைக் கொள்வதும் மற்றொன்றை விலக்குவதும் கருத்துடைய செயல்களே. பப்பேட்டனும் ஜானும் இதற்குச் சான்று.

(இ) பெயரில் காட்டப்படாத மதிப்பு வினையில் காட்டப்படலாம். வினையும் காட்டாத மொழியில் சமநிலை முழுமைபெறலாம். எனவே நினைவுரைகளை மொழிபெயர்க்கும்போது பெயரை மட்டும் அப்படியே தருதல் போதாது. பெயரும் வினையும் சேர்ந்தே உறவைக் காட்டுகின்றன.

(ஈ) அழைக்கும் சொல்லே கடமையைத் தோற்றுவித்தது என்று துணிதற்கில்லை. ராயின் உலகப்புகழும் நிறுவன ஆதரவும் ஏனை இருவர்க்கும் வாய்க்கவில்லை என்பதையும் கருத வேண்டும். ஆயினும் காத்தல், வெளியிடுதல், எடுத்துச்செல்லுதல் ஆகிய மூன்றும் குடும்பம், வழக்காடுவோர், தோழர் என்னும் மூவகைத் தன்னுணர்வோடு இயைந்தே நிகழ்ந்துள்ளன.

மாணிக் என்றழைத்த பிஜயா ராய் 2015இல் மறைந்தார். மாணிக்தா என்று நேர்நின்று அழைத்த நிமாய் கோஷும் சௌமித்ர சட்டர்ஜியும் 2020இல் மறைந்தனர். அச்சொல்லை உண்மையான விளியாக வழங்கியோர் அருகிவருகின்றனர். விளியாக இருந்தது சுட்டாக மட்டும் எஞ்சும் காலம் அண்மையில் உள்ளது. அதன்பின் அவரை அண்ணன் என்பதற்கு உரிமை தருவது பழக்கமன்று, படமே. படம் பார்க்கக் கிடைக்கும்வரை அச்சொல்லுக்குப் பொருள் இருக்கும். தமிழிலும் ‘ஜான்’ என்று உரிமையோடு சொல்வோர் உளர். அவர்கள் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யின் நல்ல படி ஒன்று எங்குள்ளது, எந்நிலையில் உள்ளது என்று வினவத் தொடங்குவதே அப்பெயரைச் சொல்வதற்குரிய தகுதியாகும்.